மருந்துக்கும் தரம் பிரிக்க வேண்டும்



மண்டிக்குப் புதிதாக ஒரு துவரம்பருப்பு வந்து, பழைய சரக்கைவிட மூட்டைக்கு ஐந்நூறு ரூபாய் கூடுதல் என்றால் நாம் என்ன செய்கிறோம்? சாம்பிள் எடுத்து வேகவைத்துப் பார்க்கிறோம். பழையதைவிட எவ்விதத்தில் மேல் என்று கேட்கிறோம். சாக்கின்மேல் உள்ள அச்சைப் பார்த்து யாரும் பணம் கொடுப்பதில்லை. மருந்து விஷயத்தில் மட்டும், புதியது என்றாலே உயர்ந்தது என்று நம்பிவிடுகிறோம்.

ஜெர்மனியில் மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பொது மருத்துவக் காப்பீட்டில் இருக்கின்றனர். சம்பளத்தின் அடிப்படையில் தொழிலாளியும் முதலாளியும் சந்தா கட்டுகின்றனர். அங்கே 2011 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடப்பில் உள்ளது. புது மருந்து விற்பனைக்கு வந்தவுடன், ஏற்கெனவே வழக்கத்திலுள்ள சிகிச்சையைவிட அதனால் என்ன கூடுதல் பயன் என்பதைக் கம்பெனி ஆதாரத்துடன் காட்டவேண்டும். மருத்துவர்கள், மருத்துவமனைகள், காப்பீட்டு நிதிகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் அடங்கிய குழு ஆறு மாதத்தில் முடிவு சொல்கிறது. நோயாளிகள் சார்பிலும் ஆட்கள் அமர்ந்து பேசலாம். ஆனால் ஓட்டு கிடையாது. நாம் சரக்கைத் தரம் பிரிப்பதுபோல், அவர்களும் கூடுதல் பயனை ஆறு தரமாகப் பிரிக்கின்றனர். அந்தத் தரத்தை வைத்தே விலை பேசப்படுகிறது. கூடுதல் பயன் இல்லையென்றால், பழைய மருந்தின் செலவுக்கு மேல் போகக்கூடாது என்பதே பொதுவிதி.

இதில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். விலை கட்டுபடியாகவில்லை என்று சில கம்பெனிகள் அந்நாட்டுச் சந்தையிலிருந்து மருந்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதும் உண்டு. அம்மருந்துக்குப் பழகிய நோயாளிக்கு அது கஷ்டம்தான். ஆனால் கேட்ட விலையைக் கேள்வியில்லாமல் கொடுத்தால், அந்தப் பணம் இன்னொரு நோயாளியின் பங்கிலிருந்துதானே போகும்?

நம் நாட்டில் 2013ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணை வேறு வழியில் செல்கிறது. அத்தியாவசிய மருந்துகளுக்கு, சந்தையில் 1 சதவீதமாவது பங்குள்ள தயாரிப்புகளின் சராசரி விலையோடு சில்லறை வியாபாரிக்கு 16 சதவீதம் சேர்த்து உச்சவரம்பு கட்டுகிறார்கள். மருந்து எவ்வளவு குணம் தருகிறது என்ற கேள்வி அந்தக் கணக்கில் இல்லை. அக்கேள்வியைக் கேட்க மத்திய அரசு 2017இல் ஒரு மதிப்பீட்டு அமைப்பை ஏற்படுத்தியுள்ளது. அதன் வேலை பரிந்துரை செய்வது.

2018இல் வந்த மத்திய காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். பயன் கூடாத விலையுயர்ந்த மருந்துக்கு அதில் பாதி போய்விட்டால், அதே ஆண்டில் வீட்டில் இன்னொருவர் படுத்தால் என்ன மிச்சம்? அந்த 5 லட்சமும் நாம் கட்டும் வரிப்பணம்தான்.

ஆகவே, காப்பீட்டுப் பணத்தில் புது மருந்து வாங்குமுன், பழையதோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதைக் கட்டாயமாக்கவேண்டும்; அம்மதிப்பீட்டை மக்கள் பார்க்க வெளியிடவும் வேண்டும். நமது சங்கம் இதை ஒரு கோரிக்கையாக அரசின் முன் வைக்கவேண்டும் என்பதே என் தாழ்மையான கருத்து.