கட்டைவிரலிடம் கேளுங்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால், பல வீடுகளின் வரவேற்பறை வீடியோ கேம் அரங்கமாகிவிடும். "எந்நேரமும் கேம்தானா?" என்று பெற்றோர் கேட்பார்கள். அதோடு இன்னொன்றையும் கேட்கச் சொல்கிறேன்: "விளையாடும்போது கை வலிக்கிறதா?"

கன்ட்ரோலரில் எந்தப் பட்டன் எங்கே என்பது விளையாட்டான விஷயமில்லை. 1983-இல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் வந்தபோது, இடது கட்டைவிரலுக்குக் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு திசைப் பட்டன், வலது கட்டைவிரலுக்கு இரண்டு பட்டன்கள். ஆட்டம் பெரும்பாலும் அவற்றிலேயே முடிந்துவிடும். 1990-இல் வந்த சூப்பர் ஃபேமிகாம், மேல் விளிம்பில் இரண்டு பட்டன்களை வைத்து ஆள்காட்டி விரல்களுக்கும் வேலை கொடுத்தது.

சோனியின் கதை சுவாரஸ்யமானது. 1994-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் ஸ்டிக்கே கிடையாது. இடது கட்டைவிரல் இயல்பாகப் போய் அமரும் இடத்தைத் திசைப் பட்டன்கள் பிடித்துக்கொண்டன. 1997-இல் ஸ்டிக்குகள் சேர்ந்தபோது மிச்சமிருந்தது கீழ்ப்பகுதிதான். பந்திக்குப் பிந்தியவருக்குக் கிடைத்த இலை! இன்றோ பெரும்பாலான ஆட்டங்களில் நடப்பதும் ஓடுவதும் அந்த இடது ஸ்டிக்கில்தான். எக்ஸ்பாக்ஸ் அதை மேலே வைத்தது. எது வசதி என்று கேட்டால், அவரவர் கை ஒரு பதில் சொல்லும்.

ஆனால் எக்ஸ்பாக்ஸும் ஒரு பாடம் படித்தது. 2001-இல் அதோடு வந்த கன்ட்ரோலர் மிகப் பெரிது என்று பலரும் குறைப்பட்டார்கள். 2002-இல் ஜப்பானுக்குச் சிறியதாக ஒன்றைச் செய்தார்கள். பிறகு அமெரிக்கா உட்பட மற்ற நாடுகளிலும் அந்தச் சிறியதே நிலைத்தது. கை சிறியவர்கள் ஜப்பானில் மட்டுமா இருக்கிறார்கள்?

உடற்குறை உள்ளவர்களுக்காக 2018-இல் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் வந்தது. இரண்டு பெரிய பட்டன்கள்; பின்னால் வரிசையாக இணைப்புத் துளைகள். கால், முழங்கை, தலை என்று எதனால் முடியுமோ அதனால் அழுத்தும் சுவிட்சுகளை அதில் இணைக்கலாம். 2023-இல் சோனியும் ஆக்சஸ் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. கருவிக்கு ஏற்ப மனிதன் வளைய வேண்டும் என்ற எண்ணம் அங்கே உடைந்தது.

நம் வீட்டுக்கு வருவோம். பெரியவர் கைக்குச் செய்த கன்ட்ரோலரைத்தான் எட்டு வயதுப் பிள்ளையும் பிடிக்கிறது. வாங்கும் முன் பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போங்கள். உள்ளங்கை பிடியை விட்டு நகராமல், கட்டைவிரல் கடைசிப் பட்டன்வரை எட்டுகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் மூன்றிலும் பட்டன்களின் வேலையை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. எட்டாத பட்டனின் வேலையை எட்டும் பட்டனுக்குக் கொடுங்கள்.

கை மரத்துப் போனாலோ வலித்தாலோ ஆட்டத்தை நிறுத்துவதே சரி. வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். "கேம் ஆடினால் அப்படித்தான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால், அடுத்த முறை வலித்தாலும் பிள்ளை உங்களிடம் சொல்லாது.