விண்டோஸை அழிக்காதீங்க, பக்கத்துல லினக்ஸுக்கும் இடம் கொடுங்க

இந்தப் பதிவு கணினி பற்றியது. "பி.காம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குடா?" என்று வகுப்பில் கேட்பார்கள். முழுசாகப் படியுங்கள், இது நம்ம பாடம்தான் என்று உங்களுக்கே தெரியும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்கிறவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட்டுக்குக் கொஞ்சம் நீட்டிப்பு. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 வேண்டும், பிராசசரும் ஓரளவு புதிதாக இருக்க வேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் அண்ணன், அக்கா பள்ளியில் வாங்கிய அரசு லேப்டாப்பிலேயே இன்னும் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மகாபலிபுரத்தில் சின்ன லாட்ஜ், சிற்பக்கூடம், சங்கு விற்கும் கடை என்று போனால் அங்கேயும் பில் போடுவது பழைய கணினிதான். இவர்கள் எல்லோரும் புது மெஷின் வாங்க வேண்டுமா?

என் கருத்து: வேண்டாம். விண்டோஸை அழிக்கவும் வேண்டாம். அதன் பக்கத்திலேயே லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதும்.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. தமிழக அரசு 2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது பாஸ். தமிழிலும் பயன்படுத்தலாம். அப்படியொரு வாய்ப்பு பிளஸ் டூ பிள்ளைகளின் கைக்கே வந்தது. ஆனால் நான் பார்த்தவரை, சினிமா ஏற்ற இடம் பத்தவில்லை என்று அந்தப் பகுதியை அழித்தவர்கள்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கொடுத்தது சரி, அதை வைத்து என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

இப்போது நம்ம பாடத்துக்கு வருவோம். ஊரில் ஒரே ஒரு மளிகைக் கடை இருந்தால் அவர் சொன்னதுதான் விலை. இரண்டாவது கடை வந்துவிட்டால், நாம் அங்கே போகாவிட்டால்கூட முதல் கடைக்காரர் கொஞ்சம் யோசிப்பார். கணினியிலும் அதே கதைதான். விண்டோஸ் எக்ஸ்பி-க்கு 2014 ஏப்ரல் 8-ல் ஆதரவு முடிந்தது, இப்போது 10-க்கு. இன்னும் சில வருடத்தில் 11-க்கும் இதே அறிவிப்பு வரும். வேறு வழியே தெரியாதவன் ஒவ்வொரு முறையும் பர்ஸைத் திறக்க வேண்டியதுதான்.

"அப்போ முழுசா லினக்ஸுக்கே மாறிடலாமே?" என்று சிலர் கேட்பார்கள். நம்மால் முடியாது. டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது, வேலைக்குப் போகிற இடத்தில் அதைத்தான் கேட்பார்கள். மேக்ரோ போட்ட எக்செல் ஃபைல் லிப்ரே ஆபீஸில் சில சமயம் தகராறு பண்ணும். அதனால் டேலிக்கு விண்டோஸ், இன்டர்நெட், பேங்க், மெயில் எல்லாவற்றுக்கும் லினக்ஸ். அப்டேட் நின்றுபோன விண்டோஸை இன்டர்நெட்டில் இணைக்காமல் வைத்திருந்தால் ஆபத்தும் குறைவு.

போடுவதற்கு முன் சில விஷயங்கள்:

1. முக்கியமான ஃபைல் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்கில் காப்பி எடுங்கள். இதில் சோம்பேறித்தனம் கூடாது.

2. பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெகவரி கீயை எழுதி வையுங்கள். இல்லையென்றால் உங்கள் டிஸ்கையே உங்களால் திறக்க முடியாமல் போகலாம்.

3. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஒரு 40 ஜிபி இடத்தைச் சுருக்கிக் காலியாக விடுங்கள்.

4. பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரிண்டர், சவுண்ட் எல்லாம் வேலை செய்தால் மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள். அப்போது டிஸ்க் முழுவதையும் அழிக்கும் ஆப்ஷனைத் தொடாதீர்கள், விண்டோஸுக்குப் பக்கத்தில் போடும் ஆப்ஷன்தான் நமக்கு.

முடிந்ததும் கணினியை ஆன் செய்தால் கிரப் மெனு வந்து எது வேண்டும் என்று கேட்கும்.

மகாபலிபுரம் கலங்கரை விளக்கத்துக்கு எல்லோரும் போயிருப்பீர்கள். முதலில் பாறைமேல் இருக்கும் ஒலக்கணேஸ்வரர் கோயிலின் உச்சியில்தான் விளக்கு எரிந்தது. அப்புறம் பக்கத்தில் தனிக் கோபுரம் கட்டினார்கள். அதற்காகக் கோயிலை யாரும் இடிக்கவில்லை. நம் லேப்டாப்பிலும் அப்படி இரண்டு இருந்துவிட்டுப் போகட்டுமே!

கல்லூரிகளுக்கு ஒரு கோரிக்கை. முதல் செமஸ்டர் கம்ப்யூட்டர் லேபில் ஒரே ஒரு மணி நேரம் லினக்ஸுக்கு ஒதுக்குங்கள். பரீட்சை வேண்டாம், மார்க் வேண்டாம். இரண்டாவது கடை எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதும், போவதா வேண்டாமா என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.