விலை கொடுத்து வாங்கும் வெயில்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்றார்கள் நம் பெரியவர்கள். இப்போது அந்த வெயிலையே தனியாக விலை போட்டு விற்கிறார்கள். நாமும் தவணை கட்டி வாங்கிக்கொண்டிருக்கிறோம். மோட்டார் காரின் தகரக் கூரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கண்ணாடியைப் பதித்து, அதற்கென்று கூடுதலாகப் பணமும் கேட்கிற மோஸ்தரைத்தான் சொல்கிறேன். இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற சீமான்களின் ஆசையாக இருந்தது, இன்று மாதச் சம்பளக்காரர் வாங்கும் குடும்பக் கார்வரை இறங்கி வந்துவிட்டது. இது நமக்கு வேண்டாத சரக்கு என்பது என் கட்சி.

மேனாட்டார் இதைச் செய்ததில் நான் குற்றம் காணவில்லை. ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் என்ற நகரம் இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற கார்கள் பிறக்கும் ஊர். டிசம்பர் மாதக் கடைசியில் அங்கே நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 18 டிகிரி உயரத்துக்குமேல் ஏறுவதில்லை. கோடையின் உச்சத்தில்கூட 65 டிகிரியைத் தொடுவதில்லை. பல மாதங்கள் மேகத்துக்கடியில் வாழ்கிறவனுக்கு வெயில் ஒரு விருந்தாளி. விருந்தாளி வரும் வழியில் கதவைத் திறந்து வைப்பது மரியாதைதான்.

நமக்கு அவர் விருந்தாளியா? சென்னையில் மார்கழிக் குளிரில்கூட நண்பகல் சூரியன் 53 டிகிரி உயரத்தில் நிற்கிறான். ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு முறையும், ஆகஸ்டு நடுவில் ஒரு முறையுமாக, வருஷத்தில் இரண்டு தடவை நேர் உச்சிக்கே வந்துவிடுகிறான். அன்று நம் நிழல் நம் காலடியிலேயே ஒடுங்கிக்கொள்கிறது. பக்கவாட்டுக் கண்ணாடியெல்லாம் அந்த நேரத்தில் அவனுக்கு ஒரு பொருட்டல்ல. காரில் அவனுக்கு நேர் எதிரே நிற்பது கூரை ஒன்றுதான். அந்தக் கூரையைத்தான் நாம் கண்ணாடியாக்கிக்கொள்கிறோம்!

மேகமற்ற நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழுகிற சூரிய சக்தி ஏறத்தாழ 1,000 வாட். வீட்டில் சட்டை தேய்க்கிற மின்சார இஸ்திரிப் பெட்டி எவ்வளவு இழுக்குமோ, அவ்வளவு. அதாவது அகலமான கண்ணாடிக் கூரை உள்ள காரில் போகிறவர், தலைக்கு மேலே ஓர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு, அது தலையில் இறங்காமல் இருக்கக் கண்ணாடிக்காரனின் சாமர்த்தியத்தை நம்பிப் போகிறார். தகரமும் சுடத்தான் செய்யும். தொட்டால் கை வெந்துபோகும். ஆனால் தகரம் ஒளியை உள்ளே விடாது. அதற்கடியில் கொஞ்சம் காற்று, ஓர் அட்டை, ஒரு துணி என்று தடைகள் இருக்கின்றன. சூடு நிதானமாகத்தான் இறங்குகிறது. கண்ணாடியோ ஒளியைத் தாராளமாக உள்ளே விட்டுவிட்டு, அது ஆசனத்திலும் தோலிலும் பட்டுச் சூடாக மாறியபின் வெளியே போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது.

“அதெல்லாம் பழைய கதை, இப்போது உயர்ந்த ரகக் கண்ணாடி வந்துவிட்டது” என்று விற்பனைக்காரர் சொல்லுவார். உண்மைதான். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வெள்ளியை மிக மெல்லிய படலமாக வைத்துச் சூட்டுக் கதிர்களைத் திருப்பியனுப்புகிறார்கள். ஆனால் சூரியனிடமிருந்து வரும் சக்தியில் கிட்டத்தட்டப் பாதி, நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே. வெளிச்சத்தை விட்டால் சூடும் கூடவே வந்து சேரும். வேண்டாமென்று கண்ணாடியைக் கறுப்பாக்கினால், அந்தக் கண்ணாடியே வெயிலைக் குடித்துத் தான் காய்ந்து நம்மையும் காய்ச்சும். எத்தனை பூச்சுப் பூசினாலும், எத்தனை பணம் கொட்டினாலும், உயர்ந்த கண்ணாடியின் லட்சியம் கடைசியில் தகரத்தைப் போல நடந்துகொள்வதுதான். அதற்குத் தகரமே இருந்துவிட்டுப் போகலாமே!

அடியில் இழுத்துவிடத் திரை இருக்கிறதே என்பார்கள். சில கம்பெனிகள் அதைக்கூட வைப்பதில்லை. வைத்தாலும், கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத்தானே திரை தடுக்கிறது? நம் பாட்டிமார்கள் மூங்கில் தட்டியைச் சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டார்கள். மாடிக்கு மேலே கீற்றுப் பந்தல் போட்டார்கள். வெயிலை வாசலிலேயே மறிக்க வேண்டும், கூடத்துக்கு வந்தபின் மறிப்பதில் பிரயோஜனமில்லை என்பது எந்தக் கல்லூரியிலும் படிக்காமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

என் நண்பர் ஒருவர் இரண்டு ஆசனங்கள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். தலைக்கு மேலே முழுக்கக் கண்ணாடி. சித்திரை மாதத்து நண்பகல் ஒன்றில் என்னை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனார். குளிர்சாதனம் முழு மூச்சோடு வேலை செய்தது. முழங்காலில் மார்கழி, உச்சந்தலையில் அக்கினி நட்சத்திரம். திருவான்மியூர் தாண்டுவதற்குள் வண்டியை ஓரமாக நிறுத்தி, பின்னாலிருந்து ஒரு வேஷ்டியை எடுத்துக் கூரையின் உட்புறம் பக்குவமாகச் செருகினார். செருகிய லாகவத்தைப் பார்த்தால் நெடுநாள் பழக்கமென்று தெரிந்தது.

“என்ன சார், வானம் தெரியவில்லையே?” என்றேன்.

“வானம் எங்கே போய்விடும் சார்? சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்” என்றார்.

லட்சக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய வானத்தை நாலு முழ வேஷ்டி மூடிக்கொண்டிருந்தது. இந்த நண்பரைப் பரிகசிக்க இதைச் சொல்லவில்லை. அவர் ரசிகர், மழையிலும் நிலவிலும் அந்தக் கூரை அழகாகத்தான் இருக்கும். ஆனால் மழைக்கும் நிலவுக்குமாக ஒரு கூரையை வைத்துக்கொண்டு, வருஷத்தின் பெரும் பகுதிப் பகல்களை வேஷ்டிக்கடியில் கழிப்பதா?

வேகத்தை விரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடி தகரத்தைவிடக் கனமானது. அந்தக் கனமும் வண்டியின் உச்சியிலேயே உட்காருகிறது. ஓட்டத்தை உண்மையில் மதிக்கும் ஜெர்மன் பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? 2003இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்3 சி.எஸ்.எல். காருக்குக் கரி நாரினால் கூரை போட்டார்கள். 2015இல் வந்த போர்ஷே 911 ஜி.டி.3 ஆர்.எஸ். காருக்கு மக்னீசியத்தில் போட்டார்கள். உச்சியின் கனத்தைக் குறைக்கத்தான் இத்தனை பாடும்.

இந்த மோஸ்தர் புதிதுமல்ல. 1954இல் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி ‘ஸ்கைலைனர்’ என்ற காரைக் கொண்டுவந்தது. முன் ஆசனங்களுக்கு மேலே பச்சைச் சாயல் கொண்ட அக்ரிலிக் கூரை. முதல் வருஷம் 13,344 கார்கள் செய்தார்கள். உள்ளே உட்கார்ந்தவர்கள் வெந்தார்கள். கூரைக்கடியில் மாட்டிக்கொள்ள மறைப்புத் துணியையும் விற்க வேண்டி வந்தது. 1955இல் அந்தக் கூரையோடு வெளிவந்தவை 1,999, 1956இல் 603. 1957இல் அந்தப் பெயரை, மடிந்து பின்னால் போய்விடும் எஃகுக் கூரை கொண்ட வேறொரு காருக்குச் சூட்டிவிட்டார்கள். அமெரிக்கர்கள் மூன்று கோடைகளில் படித்த பாடம் அது.

“என் பணம், என் கார், என் தலை, உமக்கென்ன?” என்று கேட்கலாம். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் கேட்டால் வாயை மூடிக்கொள்வேன். அவர் தலைதான் காய்கிறது. ஆனால் குடும்பக் காரில் காய்கிற தலைகள் வேறு. கல்யாண மண்டபத்துக்கு வெளியே, என்ஜினை ஓடவிட அனுமதியில்லாமல், மூன்று மணி நேரம் காத்திருக்கிற டிரைவரின் தலை அது. “இதோ வந்துவிடுகிறேன்” என்று கடைக்குள் போன தகப்பனுக்காகப் பின் ஆசனத்தில் காத்திருக்கும் குழந்தையின் தலை அது. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வெயிலில் நிறுத்திய சாதாரணக் காருக்குள்ளேயே ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்ஷியஸ் உஷ்ணம் ஏறியது. அதில் ஐந்தில் நாலு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. சன்னலைச் சற்றுத் திறந்து வைத்தும் பயனில்லை. தகரக் கூரைக்கே இந்தக் கதி.

இன்னொன்று. பல மாடல்களில் நல்ல விளக்கும் நல்ல ஆசனமும் வேண்டுமென்றால் கண்ணாடிக் கூரையையும் சேர்த்தே வாங்க வேண்டும். வேண்டாதவன் தலையிலும் அதைக் கட்டிவிடுகிறார்கள். இதற்குப் பெயர் விருப்பமா? 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பேரிடர் என்று அரசாங்கம் சொல்கிற ஒன்றை, அந்தஸ்து என்று சொல்லிக் கடையில் விற்கிறார்கள்.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. குளிரூட்டிய கடைக்குள் நிற்கிற காரில் உட்கார்ந்து மேலே அண்ணாந்து பார்த்து மயங்காதீர்கள். சித்திரை மாதத்தில், நண்பகலில், திறந்த வெளியில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்த காரைக் கேளுங்கள். அதில், பின் ஆசனத்தில், பத்து நிமிஷம் உட்காருங்கள். சூரிய சக்தியில் நூற்றுக்கு எத்தனை பங்கு இந்தக் கண்ணாடி வழியே உள்ளே வரும் என்று எழுத்தில் கேளுங்கள். அதே காரைத் தகரக் கூரையோடு, குறைந்த விலையில் தருவீர்களா என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் சிரிப்பார்கள். நானூறு பேர் கேட்டால் தகரம் திரும்பி வரும்.