பூட்டிய ஆலயமும் திறந்த இல்லமும்



2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள், ஆண்டவருடைய பிறப்பின் அறிவிப்புப் பெருவிழா. நாசரேத்தில் ஓர் எளிய வீட்டைத் தேடி வானதூதர் வந்ததைத் திருச்சபை நினைவுகூரும் நாள் அது. அதே நாளில்தான் நம் நாட்டில் முழு ஊரடங்கு தொடங்கியது. ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. ஏப்ரல் 5-ஆம் நாள் குருத்து ஞாயிறு பவனியின்றிக் கடந்தது. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கு இல்லை. ஏப்ரல் 12-ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழா. மக்கள் இல்லாத ஆலயத்தில், பாஸ்கா திரியை ஏற்றி, "கிறிஸ்துவின் ஒளி" என்று பாடியபோது, பதில் சொல்ல உபதேசியாரைத் தவிர யாரும் இல்லை.

தமிழகத்தில் ஆலயங்கள் 2020 செப்டம்பர் 1-ஆம் நாள் பரவலாகத் திறக்கப்பட்டன. இரண்டாம் அலையில், 2021 ஏப்ரல் இறுதியில், மீண்டும் மூடப்பட்டு ஜூலையில் திறக்கப்பட்டன. 2022 ஜனவரியில் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நாட்களில் மூடப்பட்டன. 2023 மே 5-ஆம் நாள் உலக நலவாழ்வு நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. நோய்க்கிருமி முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆனால் அச்சம் மறைந்துவிட்டது. திருவிழாக்கள் மீண்டும் களைகட்டுகின்றன.

அப்படியானால் இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். அந்த நாட்கள் நம்மிடம் கேட்ட ஒரு கேள்விக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதே காரணம். ஆலயம் பூட்டப்பட்டால், நம் வீட்டில் விசுவாசம் இருக்குமா?

பூட்டிய அறைக்குள் வந்தவர்

உயிர்த்த ஆண்டவர் தம் சீடர்களுக்குத் தோன்றிய இடம் கோவில் அன்று. அச்சத்தால் கதவுகளை மூடிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் அவர்கள் நடுவே வந்து நின்று, அமைதியை வழங்கினார் (யோவா 20:19). எகிப்தில் முதல் பாஸ்காவும் வீடுகளில்தான் உண்ணப்பட்டது. வெளியே சாவு நடமாடிய இரவில், கதவு நிலைகளில் இரத்தம் பூசி, குடும்பமாக அமர்ந்து உண்டார்கள் (விப 12). தொடக்கத் திருச்சபையும் வீடுகளிலேயே அப்பம் பிட்டது (திப 2:46). இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்ததன் (திருச்சபை, எண் 11) பொருள் இதுதான். வீடு என்பது ஆலயத்திற்கு வருமுன் உடை மாற்றிக்கொள்ளும் இடம் மட்டுமன்று. அதுவும் திருச்சபையே.

வரலாறு சொல்லும் பாடம்

நம் முன்னோருக்கு இது புதிதல்ல. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், செபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து மனப்பாடமாகக் கற்றார். மணியடித்துக் கொண்டே தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். அவர்களுக்குக் கற்பித்ததோடு நிற்கவில்லை. கற்றதை வீட்டிற்குச் சென்று பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். நோயாளிகளின் வீடுகளுக்கு அந்தச் சிறுவர்களையே அனுப்பிச் செபிக்க வைத்தார். ஊர் ஊராகச் செல்ல வேண்டிய ஒரே குரு எப்போதும் கூட இருக்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

யாழ்ப்பாணத்தின் கதை இன்னும் வலிமையானது. 1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. ஏறக்குறைய 30 ஆண்டுகள் அம்மக்களுக்குத் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. 1687-இல் கோவாவிலிருந்து ஒரு குரு கூலியாளின் கோலத்தில், நோயுற்ற உடலோடு அங்கே வந்து சேர்ந்தார். அவரே புனித யோசேப் வாஸ். யார் கத்தோலிக்கர் என்று வெளிப்படையாக யாரையும் கேட்க முடியாது. எனவே கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு எந்த வீட்டாரின் முகம் மாறுகிறது என்று பார்த்தார். அடையாளம் கண்டுகொள்ள அங்கே வீடுகள் இருந்தன! இரவு நேரங்களில் அந்த வீடுகளில்தான் திருப்பலி நிறைவேறியது.

1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைத் தேடிச்சென்று பணிசெய்ததும், இறந்தோரை அடக்கம் செய்ததும் இதே புனிதர்தான். 2015 ஜனவரி 14-ஆம் நாள் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். குருவே இல்லாத 30 ஆண்டுகளை அந்தக் குடும்பங்கள் கடந்தன. குருவின் குரல் கைப்பேசியிலேயே கேட்டும், சில மாதங்களைக் கடக்க நம்மில் பலர் தடுமாறினோம். ஏன்?

திரையில் திருப்பலி

காரணங்களுள் ஒன்று நம் கையிலேயே இருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2020 மார்ச் 9 முதல் மே 17 வரை தாம் தங்கியிருந்த சாந்தா மார்த்தா இல்லச் சிற்றாலயத்திலிருந்து நாள்தோறும் திருப்பலி ஒளிபரப்பாகச் செய்தார். மார்ச் 27-ஆம் நாள் மாலை, மழையில் நனைந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் அவர் தனியாக நடந்து சென்ற காட்சியை நாம் மறக்க முடியாது. 1522-இல் உரோமையில் கொள்ளைநோய் பரவிய காலத்தில் பவனியாக எடுத்துச் செல்லப்பட்ட சிலுவை அன்று அங்கே வைக்கப்பட்டிருந்தது. நம் பங்குகளிலும் இளைஞர்கள் கைப்பேசியைத் தாங்கியில் பொருத்தி யூடியூப் வழியாகத் திருப்பலியை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தார்கள். படுத்த படுக்கையாய் இருந்த முதியோருக்கு அது பேராறுதல். அதை நன்றியோடு ஏற்கிறோம்.

ஆனால் அதே திருத்தந்தை, 2020 ஏப்ரல் 17-ஆம் நாள் மறையுரையில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். மக்களும் அருட்சாதனங்களும் இல்லாத, திரை வழியாக மட்டுமே வாழும் விசுவாசம் ஆபத்தானது என்றும், இந்த நிலை நெருக்கடிக்கு மட்டுமே உரியது என்றும் அவர் தெளிவுபடுத்தினார். அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாளிட்ட மடலில் கர்தினால் இராபர்ட் சாராவும், ஒளிபரப்பு திருப்பலிக்கு ஈடாகாது, மக்கள் மகிழ்வோடு நற்கருணைக்குத் திரும்ப வேண்டும் என்று ஆயர்களுக்கு எழுதினார்.

இந்த எச்சரிக்கை எவ்வளவு உண்மை என்பதை இன்று காண்கிறோம். நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களும், காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, மறையுரை நீண்டால் வேறு பங்கின் திருப்பலிக்கு மாறிக்கொண்டு, ஞாயிற்றுக் கடனை முடித்துவிட்டதாக எண்ணுகிறார்கள். திரையில் நாம் பார்வையாளர். பீடத்தைச் சுற்றி நாம் குடும்பம். பந்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பசி ஆறுமா?

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. திரையில் திருப்பலி பார்த்த வீடுகளெல்லாம் செபித்த வீடுகள் ஆகிவிடவில்லை. செபிக்கும் பொறுப்பையும் திரையிடம் ஒப்படைத்துவிட்ட வீடுகள் பல. மாறாக, மாலையில் விளக்கேற்றி ஒரு பத்துமணியாவது சொல்லும் வழக்கமுள்ள வீடுகள், ஆலயம் திறந்தபோது முதலில் திரும்பி வந்தன. வீட்டில் செபித்தவர்கள்தான் ஆலயத்திற்கு ஏங்கினார்கள். இல்லச் செபம் திருப்பலிக்குப் போட்டி அன்று. அதற்குப் பசியை உண்டாக்குவது அதுவே.

படுக்கை அருகே ஒரு கேள்வி

2021 மே மாதத்தில் ஓர் இரவு நமக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தாய் மூச்சுத்திணறலோடு வீட்டில் கிடக்கிறார். மருத்துவமனையில் படுக்கை கிடைக்கவில்லை. ஊரடங்கும் தொற்றும் வழியை அடைத்துவிட்டன. மகன் அழுதுகொண்டே கேட்டார்: "ஃபாதர், நீங்க வர முடியலைன்னா பரவாயில்லை. நான் என்ன சொல்லி செபிக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

அந்தத் தம்பி நம் பங்கில் பத்து ஆண்டுகள் மறைக்கல்வி படித்தவர்; மறைக்கல்வித் தேர்வில் பரிசும் பெற்றவர். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நம்மையே குறை சொல்லிக்கொண்டோம். தேர்வுக்குப் பதில் எழுதக் கற்றுக்கொடுத்த நாம், தாயின் படுக்கை அருகே முழந்தாளிடக் கற்றுக்கொடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் "சாமியாரைக் கூப்பிடு" என்று மக்களைப் பழக்கிவிட்டோம். சாமியாரால் வர முடியாத இரவு ஒன்று வரும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவே இல்லை. அன்று இரவு தொலைபேசி வழியாக ஒவ்வொரு வரியாக நாம் சொல்ல, அவர் தம் தாயின் காதருகே சொன்னார். விடியுமுன் அந்தத் தாய் இறைவனடி சேர்ந்தார்.

அதே மாதத்தில் வேறொரு வீட்டில் குடும்பத்தலைவர் மருத்துவமனையில் இறந்தார். உடல் நேராகக் கல்லறைக்குப் போயிற்று. தனிமைப்படுத்தப்பட்டிருந்த மனைவியால் அடக்கத்திற்கு வர முடியவில்லை. பின்னர் சந்தித்தபோது அந்த அம்மா சொன்னார்: "அந்த நேரம் பார்த்து, எங்க மாமியார் வச்சிருந்த பழைய செபப் புத்தகத்தை எடுத்து, நானும் பேத்தியும் மெழுகுதிரி ஏத்தி வாசிச்சோம் சாமி. கூடவே போய் வழியனுப்பின மாதிரி இருந்துச்சு." இரு வீடுகளிலும் துயரம் ஒன்றுதான். ஆனால் ஒரு வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு செபம் இருந்தது.

திருச்சபை இத்தகைய நேரத்தில் நம்மை வெறுங்கையோடு விடவில்லை. ஒப்புரவு அருட்சாதனம் பெற இயலாதபோது, கடவுள்மீது கொண்ட அன்பினால் எழும் முழுமையான மனத்துயர், இயன்றவுடன் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியோடு இருந்தால், சாவான பாவங்களுக்கும் மன்னிப்பைப் பெற்றுத் தருகிறது (கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எண் 1452). 2020 மார்ச் 20-ஆம் நாள் வெளியான திருத்தந்தையின் மன்னிப்பு நீதிமன்ற ஆணை, நோயில்பூசுதல் பெற இயலாமல் இறப்போருக்கு, அவர்கள் தகுந்த மனநிலையோடு, வாழ்நாளில் சில செபங்களையாவது சொல்லி வந்திருந்தால், நிறைபலன் அருளியது. பாடுபட்ட சுரூபத்தைப் பயன்படுத்தவும் பரிந்துரைத்தது. இந்தச் செய்தி எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது?

செபித்த வீடும் பசித்த வீடும்

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கதவை அடைத்துக்கொண்டு அமைதியாகச் செபிக்க எல்லாருக்கும் வசதி இருக்கவில்லை. ஒரே அறையில் ஆறு பேர் வாழும் வீடுகள் உண்டு. அன்றாடக் கூலி நின்றுபோய் உலை கொதிக்காத வீடுகள் உண்டு. நெடுஞ்சாலைகளில் குழந்தைகளைத் தோளில் சுமந்து ஊருக்கு நடந்த தொழிலாளர்களுக்கு வீடே தொலைவில் இருந்தது. அவர்களிடம் குடும்ப செபத்தை மட்டும் வலியுறுத்துவது நற்செய்தி ஆகாது.

அந்த நாட்களில் அன்பியத்தார் அரிசியும் பருப்பும் கட்டி, சாதி மதம் பாராமல் வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். துறவறத்தார் சமைத்து வழங்கினார்கள். தொற்றுக்கு அஞ்சாமல் இறந்தோரை அடக்கம் செய்தவர்கள் உண்டு. பணியின்போதே நோயுற்று இறந்த குருக்களும் அருட்சகோதரிகளும் உண்டு. செபம் வீட்டிற்குள் தொடங்கலாம். வீட்டிற்குள்ளேயே முடிந்துவிடக் கூடாது.

இன்று நாம் செய்யக்கூடியவை

1. ஒரு நேரம், ஓர் இடம். மாலையில் பத்து நிமிடம் போதும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஐம்பத்து மூன்று மணியையும் சொல்லித் தூங்க வைப்பதைவிட, ஒரு பத்துமணியை விழிப்போடு சொல்வது நல்லது. அந்தப் பத்து நிமிடம் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓய்வெடுக்கட்டும்.

2. சனிக்கிழமை இரவு, ஞாயிறு நற்செய்தியை வீட்டில் ஒருவர் வாசிக்கட்டும். வாரம் ஒருவராகப் பிள்ளைகளும் வாசிக்கட்டும். மறுநாள் ஆலயத்தில் அதே நற்செய்தியைக் கேட்கும்போது அது பழகிய குரலாக இருக்கும்.

3. பெற்றோர் இரவில் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து ஆசீர்வதியுங்கள். இதற்குக் குருப்பட்டம் தேவையில்லை.

4. மனத்துயர் செபத்தை எல்லாரும் மனப்பாடமாகக் கற்றுக்கொள்ளுங்கள். நோயாளியின் அருகில் பாடுபட்ட சுரூபம் ஒன்று இருக்கட்டும். நோயில்பூசுதலுக்குக் குருவைக் காலத்தோடு அழையுங்கள். மூச்சு நின்றபின் அல்ல.

5. நம் பாட்டிமார் உலையில் அரிசி இடுமுன் எடுத்து வைத்த பிடி அரிசியை மீண்டும் தொடங்குவோம். அது பசித்தவரின் வீட்டிற்குப் போகட்டும்.

6. நடக்க இயலாதவர் வீட்டில் இருந்தால் பங்குத்தந்தைக்குத் தெரிவியுங்கள். நற்கருணையை அவர்களிடம் கொண்டுவருவது எங்கள் கடமை. ஆண்டிற்கு ஒருமுறை வீடு மந்திரிக்க மட்டும் வராமல், உங்களோடு அமர்ந்து செபிக்கவும் வர வேண்டும். இதில் குருக்களாகிய நாங்களும் மனம் மாற வேண்டியிருக்கிறது.

அன்பார்ந்தவர்களே, இன்னொரு கொள்ளைநோய் வருமா என்பது இறைவனுக்கே தெரியும். ஆனால் நோய், முதுமை, பணிக்காகப் பிள்ளைகள் தொலைதூரம் போவது, இறப்பு ஆகியவை ஒவ்வொரு வீட்டிற்கும் வரும். இன்று யோசேப் வாஸ் அடிகளார் கழுத்தில் செபமாலையோடு நம் வாசலில் வந்து நின்றால், நம் வீட்டில் எவர் முகமாவது மாறுமா?

பூட்டிய அறைக்குள் வந்து நின்ற உயிர்த்த ஆண்டவர் நம் இல்லங்களுக்குள்ளும் வருவாராக. ஆரோக்கிய அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக. பெருந்தொற்றில் நாம் இழந்த அனைவருக்கும் ஆண்டவர் நிலையான இளைப்பாற்றியை அளிப்பாராக. ஆமென்.