அறுபது ஆண்டு ஓடும் எவர்சில்வர் ரயில்

ஜப்பானின் வடக்கே அவோமோரி மாநிலத்தில், ஹிரோசாக்கி நகரிலிருந்து வயல்களுக்கும் ஆப்பிள் தோட்டங்களுக்கும் நடுவே ஓடுகிறது கோனான் ரயில். இரண்டே பெட்டிகள். பக்கச் சுவர் முழுக்க நெளிநெளியான தகடு, பெயின்ட் பூச்சு இல்லை. சக்கரத்துக்கு வெளியே பொருத்திய பிரேக் வட்டு, சக்கரத்தோடு சேர்ந்து சுழல்வது நடைமேடையில் நிற்பவருக்கே தெரியும். தோக்கியோவின் தனியார் ரயில் நிறுவனமான தோக்யூவுக்காக 1960-களில் செய்யப்பட்ட ‘7000 வரிசை’ மின்ரயில் பெட்டிகள் இவை. மாநகர நெரிசலைச் சுமந்துவிட்டு, 1988 முதல் பனிகொட்டும் நாட்டுப்புறத்தில் உழைத்துவருகின்றன. மின்ரயில் வாங்கும் எந்த நிர்வாகமும் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, ஆயுளை என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று இல்லை.

இந்த ஆயுள் தற்செயலாக வாய்த்ததல்ல. சாதாரண எஃகுப் பெட்டியைத் துரு அரிக்கும். அரிப்புக்கும் சேர்த்துத்தான் தகட்டின் கனத்தை முடிவுசெய்ய வேண்டும், ஆண்டுக்கணக்கில் பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1958-இல் தோக்யூ கொண்டுவந்த 5200 வரிசையில் வெளித்தகடு மட்டுமே எவர்சில்வர், உள்சட்டம் பழைய எஃகு. அது அரைக்கிணறு தாண்டிய கதை. அதனால் அமெரிக்காவின் பட் நிறுவனத்திடம் தொழில்நுட்பம் பெற்று, சட்டம் முதல் கூரை வரை எவர்சில்வரிலேயே ஆன 7000 வரிசை 1962-இல் வந்தது. ஜப்பானில் அப்படி அமைந்த முதல் ரயில் அதுதான். 1966-க்குள் 134 பெட்டிகள் உருவாயின. துருவும் பெயின்ட் செலவும் ஒழிந்தன, எடை குறைந்தது, இழுக்கும் மின்சாரமும் மிச்சமானது.

உடல் கெடாதபோது உள்ளுறுப்பை மாற்றிக்கொள்ளலாம். 1987 முதல் ஒரு பகுதிப் பெட்டிகளுக்கு ஏசியும், மின்சாரத்தைச் சிக்கனமாகக் கையாளும் இன்வெர்ட்டர் கருவிகளும் பொருத்தி ‘7700 வரிசை’ என்று மறுபிறவி கொடுத்தார்கள். மற்றவற்றில் பல, கோனான், ஹொக்குரிக்கு, மிசுமா, ஃபுகுஷிமா எனச் சிறிய ரயில் நிறுவனங்களுக்குப் போயின. 2018 நவம்பரில் 7700 வரிசையும் தோக்யூவிடம் ஓய்வுபெற்றது. அப்போதும் 15 பெட்டிகளை யோரோ ரயில் நிறுவனம் வாங்கி, 57.5 கிலோமீட்டர் நீளமுள்ள தன் பாதையில் ஓடவிட்டது. அரை நூற்றாண்டு தாண்டிய பெட்டிகளை இன்னும் சுமார் முப்பது ஆண்டுகள் ஓட்டும் எண்ணத்தோடுதான் வாங்கினார்கள்.

தொழில்நுட்பம் வேகமாக மாறும் காலத்தில் நீண்ட ஆயுள் ஒரு சுமை என்பார்கள் சிலர். இது புறந்தள்ளக்கூடிய வாதமல்ல. ஜேஆர் கிழக்கு ரயில் நிறுவனம் 1993-இல் 209 வரிசையைக் கொண்டுவந்தபோது, பாதி எடை, பாதி விலை, பாதி ஆயுள் என்பதையே கொள்கையாக வைத்தது. ஆனால் நடந்தது என்ன? அந்தப் பெட்டிகளில் பலவற்றைச் சீரமைத்து, சிபா மாநிலத்தின் போசோ தீபகற்பப் பாதைகளுக்கு அனுப்பி, குறித்த ஆயுளைத் தாண்டியும் ஓட்டினார்கள். குறுகிய ஆயுளுக்குத் திட்டமிட்டவர்களுக்கே நல்ல உடலைக் கழித்துப்போட மனம் வரவில்லை.

பழைய ரயில் மின்சாரத்தை விழுங்கும் என்பது இன்னொரு வாதம். விழுங்குவது மோட்டாரும் கட்டுப்பாட்டுக் கருவியும்தான், தகடு அல்ல. கருவியை மாற்றினால் அந்தக் குறை தீரும் என்று 7700 வரிசை காட்டிவிட்டது. அதைவிட, தோக்கியோவின் பெரிய நிறுவனமான சேய்பு, தன் பழைய ரயில்களுக்கு மாற்றாகத் தோக்யூவின் 9000 வரிசைப் பெட்டிகளை வாங்கப்போவதாக 2023-இல் அறிவித்தது. அவையும் எவர்சில்வர் உடலும் இன்வெர்ட்டரும் கொண்டவை. மின்சாரத்தைச் சேமிக்கும் வழியாகவே பழைய பெட்டியை ஒரு பெரிய நிறுவனம் தேர்ந்தெடுத்திருக்கிறது.

சிறிய பாதைகளின் நிலை இன்னும் கடினம். மக்கள்தொகை குறையும் ஊர்களில் மாணவர்களும் முதியவர்களும்தான் பெரும்பாலும் ரயிலை நம்பியிருக்கிறார்கள். புதுப்பெட்டி வாங்கும் வருமானம் அந்தப் பாதைகளுக்கு இல்லை. 1962-இல் ஒரு மாநகர நிறுவனம் நல்ல உலோகத்துக்குக் கொடுத்த கூடுதல் பணம், தலைமுறைகள் கடந்து அந்த மாணவர்களைப் பள்ளிக்குக் கொண்டுசேர்க்கிறது. பொதுப் போக்குவரத்துக்குப் பெட்டி வாங்குபவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், முப்பது ஆண்டுகள் கழித்து இந்த உடல் யாருக்குப் பயன்படும் என்று கேட்கட்டும். பதில் இல்லையென்றால், அந்த ரயில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விலை அதிகம்தான்.