பெட்டியை வாங்குமுன் அறையைக் கேளுங்கள்

(இளம் அறிவியல் - இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

ஓய்வு பெற்ற என் தாய்மாமா, வைப்பு நிதியில் ஒரு பகுதியை எடுத்து உயர்தர ஸ்பீக்கர்கள் ஒரு ஜோடி வாங்குவதென்று முடிவு செய்துவிட்டார். இனியாவது மாலியின் புல்லாங்குழலை ஆற அமரக் கேட்க வேண்டுமாம். ஆசையில் தவறில்லை. எந்த ஸ்பீக்கர் என்பதில்தான் எங்கள் இருவருக்கும் வழக்கு. இயற்பியல் படிக்கும் மருமகன் வீட்டில் இருந்தால் வேறென்ன நடக்கும்?

அவர் மனம் நாலடி உயரமுள்ள பெரிய பெட்டிகளின் மேல். கடையில் அவை அருமையாகவே ஒலித்தன, மறுக்க மாட்டேன். ஆனால் கடையின் அறை எத்தகையது? முப்பதடி நீளம், தரையெங்கும் கம்பளம், சுவரெங்கும் திரைச்சீலை. எங்கள் முன்னறையோ 12 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடி, மொசைக் தரை, வெறும் சுவர்கள். ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்கக் கடைக்காரர் இசைந்தார். வழியில் இடறக் கூடாதென்று மாமா பெட்டிகளை மூலைக்கொன்றாக நிறுத்தினார். புல்லாங்குழல் பிழைத்துக்கொண்டது. மிருதங்கத்தின் தொப்பியோ, அடுத்த வீட்டில் யாரோ நெல் குத்துவதுபோல் முழங்கிற்று.

காரணம் நாம் வகுப்பில் படித்த நிலை அலைகளே. ஒலியின் வேகமான 343 மீட்டரைச் சுவர்களின் இடைவெளியைப் போல் இருமடங்கால் வகுத்துப் பாருங்கள். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ் அளவில் அறை ஒத்ததிர்கிறது. எங்கள் அறையில் அகலமும் உயரமும் ஒன்றேயாதலால் 56 இரட்டிப்பாகிறது. பெரிய பெட்டி இந்த ஆழ்ந்த ஒலிகளை வாரி வழங்குகிறது. மூலையில் வைத்தால் அறை அவற்றை மேலும் பெருக்குகிறது.

ஆகவே சிறிய பெட்டிகளே எங்களுக்கு ஏற்றவை என்பது என் கட்சி. 1970களில் பி.பி.சி. பொறியாளர்கள், வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான இடத்துக்கென்றே எல்.எஸ். 3/5ஏ என்ற பெட்டியை உருவாக்கினார்கள். உயரம் ஓரடிதான். மனிதக் குரலை அப்படியே காட்டுவதில் பெயர் பெற்றது. அதே அமைப்பில் இன்றும் சிலர் செய்து விற்கிறார்கள். குறையும் உண்டு. ஒரு வாட்டுக்கு 82, 83 டெசிபல்தான் தரும். மூன்று டெசிபல் கூட்டவே இருமடங்கு ஆற்றல் வேண்டும். தவிலும் நாதசுரமும் கோயில் வீதியில் முழங்குவதுபோல் வேண்டுமென்றால் இது போதாது. (அந்த முழக்கம் பத்தடி அறைக்குள் எதற்கு என்று கேட்டால் மாமா கோபித்துக்கொள்கிறார்.)

குரலை வைத்துச் சோதிப்பது எளிது. அம்மா செய்தித்தாள் படிப்பதைப் பதிவு செய்து, அவரையும் பக்கத்தில் நிறுத்திக் கேட்டோம். பெரிய பெட்டியில் அம்மா அண்டாவுக்குள்ளிருந்து பேசினார். மாமா சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

எந்தப் பெட்டியானாலும் அறையையும் திருத்த வேண்டும். 1895இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர், பேச்சு புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீர்செய்யப் பணிக்கப்பட்டார். இரவுதோறும் வேறோர் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி, ஒலி தேய்ந்து மறையும் நேரத்தை அளந்தார். எதிர்முழக்க நேரத்துக்கான சூத்திரம் பிறந்தது அந்த மெத்தைகளிலிருந்துதான். நமக்கு ஜமக்காளமும், கனமான திரையும், புத்தக அலமாரியும் போதும். அவை 56 ஹெர்ட்ஸை அடக்கா. அதற்குப் பெட்டியை மூலையிலிருந்து நகர்த்துவதே முதல் வழி. இதைச் சொன்னபோது மாமா, "ஸ்பீக்கர் வாங்கப் போனா ஜமக்காளம் வாங்கச் சொல்றியேடா!" என்றார்.

பெரிய பெட்டிகள் செவ்வாயன்று கடைக்குத் திரும்பின. சிறியவை ஞாயிறன்று ஒரு வாரத் தவணையில் வருகின்றன. ஜமக்காளம் விரித்தாயிற்று. பெஞ்சை எங்கே போடுவது என்று மாமாவும் அம்மாவும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.