மணிலாக் கொட்டையில் ஜலம் தெளித்தல்

மணிலாக் கொட்டை விளையும் ஜில்லாக்களில், காய் உடைக்கும் யந்திரம் ஓடுமிடத்திற்குச் சென்று பார்ப்போர், யந்திரத்திலிடுமுன் காய்க் குவியலின்மீது ஜலம் தெளித்து மூடிவைக்கும் வழக்கத்தைக் காணலாகும். நன்கு உலர்ந்த காயை உடைத்தால் பருப்பு இரண்டாகப் பிளந்து மேல்தோலும் உரிந்துபோகின்றது. பிளந்த பருப்புக்கு வியாபாரி விலையைக் குறைக்கின்றான். ஈரமேறிய பருப்போ முழுமையாக வெளிவருவதுடன் எடையும் கூடி நிற்கின்றது. குடியானவனுக்கு இதில் இரட்டை லாபம் தோன்றுவது இயற்கையே. எனினும், எமது அபிப்பிராயத்தில் இவ்வழக்கம் அடியோடு நிறுத்தப்படவேண்டும்.

1960-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு லக்ஷத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பிரேஜில் தேசத்தினின்று வந்த மணிலாப் பிண்ணாக்கே அதற்கு ஹேது என்றும், ‘ஆஸ்பர்ஜில்லஸ் பிளாவஸ்’ என்னும் பூஞ்சக்காளான் அதில் விஷத்தை உண்டாக்கியிருந்ததென்றும் பின்னர் வெளியாயிற்று. அக்காளானின் பெயரைக் கொண்டே அவ்விஷத்திற்கு ‘அப்லடாக்ஸின்’ என்று பெயரிட்டனர். கோழிகளுக்கு நேர்ந்ததுதானே என்று அலக்ஷியம் செய்வோர், 1974-ல் குஜராத்தின் பஞ்சமஹால், ராஜஸ்தானத்தின் பன்ஸ்வாடா ஜில்லாக்களில் நிகழ்ந்ததை அறிதல் வேண்டும். பருவந்தவறிய மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைப் பல வாரங்கள் உண்ட ஏழை ஜனங்களுக்குக் காமாலையும் வயிற்றில் நீர்க்கோவையும் கண்டன; நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவ்வுணவைத் தின்ற நாய்களும் தப்பவில்லை.

இங்ஙனம் திடீரென்று கொல்வது அபூர்வம். சிறுகச் சிறுகப் பல வருஷம் உட்சென்று கல்லீரலில் புற்றுநோயை விளைவிப்பதே இதன் சாதாரண ரீதி. மஞ்சட்காமாலையின் ‘பி’ வகைக் கிருமி உடலில் தங்கியிருப்போருக்கு அபாயம் பன்மடங்கு அதிகம். வேகவைத்தாலும் வறுத்தாலும் இவ்விஷம் முழுதும் அழிவதில்லை. கண்ணுக்குப் பச்சைப் பூசணம் தெரியாத பருப்பிலும் இது இருக்கக்கூடும். ஒரு மூட்டையில் கெட்ட பருப்புகள் சிலவே இருப்பினும் மூட்டை முழுவதையும் தள்ளும்படி நேரும். மேலும் பதனிடுவதற்குரிய மணிலாவில் கிலோ ஒன்றுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாதென்பது இந்தியச் சட்டம். அதாவது ஒரு டன்னில் 15 மில்லிகிராம். ஐரோப்பிய தேசங்களோ நேரே உண்ணும் கொட்டைக்கு 4 மைக்ரோகிராமே அனுமதிக்கின்றன.

காய் முற்றும் கடைசி மாதத்தில் மழை பொய்த்தால் காளான் நிலத்திலேயே பருப்பினுட் புகுந்துவிடுகின்றது. வானம் பொய்ப்பதைத் தடுக்க மானாவாரிக் குடியானவனால் ஆவதொன்றில்லை. ஆனால் அவ்வாறு உட்புகுந்த காளானும், பருப்பின் ஈரம் நூற்றுக்கு 7 பங்குக்குள் உலர்ந்துவிட்டால், வளராமல் அடங்கிக் கிடக்கும். செடியைப் பிடுங்கிக் காய் மேல்நோக்கியிருக்கும்படி பரப்பி, குலுக்கினால் காய்க்குள் பருப்பு கலகலவென்று ஒலிக்கும்வரை, வெயிலில் பாடுபட்டு உலர்த்துகிறோம். அதன்பின் ஒரு குடம் ஜலத்தைத் தெளித்து, உறங்குகின்ற காளானை நாமே எழுப்பிவிடுகிறோம்! ஈரப் பருப்பைச் சாக்கில் கட்டிக் கிடங்கில் அடுக்கியபின் கேட்பானேன்.

பழியைக் குடியானவன் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. ஈரத்திற்கும் எடைபோட்டு விலை கொடுப்பவனும், உலர்ந்த சரக்குக்கு ஓரணாவும் கூட்டிக்கொடாதவனும் வியாபாரியே. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் ஒவ்வொரு குவியலின் ஈரத்தையும் கருவியால் அளந்து, அதற்குத் தக்கபடி விலையில் ஏற்றத்தாழ்வு செய்தாலன்றி எமது உபதேசம் செல்லாது. அதுவரையில், யந்திரத்தின் சல்லடையைக் காயின் பருமனுக்கு ஏற்றபடி மாற்றி, வேகத்தையும் குறைத்து ஓட்டினால், உலர்ந்த காயிலும் பிளவு பெரிதும் குறையும். விதைக்கு வேண்டியதைக் கையால் உடைத்துக்கொள்வது பழைய முறை, அதுவே நன்று.

மற்றொரு வழக்கமும் உண்டு. நல்ல பருப்பைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, சுருங்கியதும் நிறம் மாறியதும் சொத்தையுமாகிய கழிவைச் செக்கிலாட்டி, எண்ணெயை வீட்டிற்கும் பிண்ணாக்கைக் கறவை மாட்டிற்கும் வைத்துக்கொள்வது. சிக்கனந்தான். ஆனால் விஷம் மிகுதியாகத் தங்குவது அக்கழிவிலேயே. ஆட்டியபின் அதில் பெரும்பகுதி பிண்ணாக்கிலும், சுத்திகரிக்கப்படாமையால் சிறிதளவு எண்ணெயிலும் நிற்கின்றது. பசு அப்பிண்ணாக்கைத் தின்ற மறுநாளே, விஷத்தின் ஒரு சிறு பங்கு உருமாறிப் பாலில் இறங்குகின்றது. காய்ச்சினாலும் அது போவதில்லை. அப்பாலைக் குடிப்பவர் அவ்வீட்டுக் குழந்தைகள்.